நான் வேண்டாம் என்று சொன்ன தலைவர் பதவி

ஓய்வுபெற்றவர்கள் தங்கள் வேலை அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலர்க் குழுவினர் கேட்டார்கள். தொண்டு, தியாகம், பொறுமை என்று ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் தாதி வேலையில் என்னை மிக அதிகமாகப் பாடாய்ப் படுத்தியது பொறாமைதான். அதைப் பற்றியே எழுதுகிறேன். பொறாமைக்குக் காரணமானவள் ரேவதி. அவளும் இந்த மலரை வாசிப்பாள். வாசிக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் தாதியாகப் பயின்றேன். சண்டை எங்களைக் கிளப்பியது. கொழும்பில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு ஆக்லாந்துக்கு வந்தோம். முதலில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை, பிறகு இந்த நாட்டுத் தாதியாகப் பதிவு, பிறகு ஆஸ்பத்திரி வார்டு. பிள்ளைகள் இருவரும் ஹைஸ்கூலுக்குப் போன பிறகு நானும் மேற்படிப்புத் தொடங்கினேன். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தில் அவர்களுடைய கணக்கு, மறுபக்கத்தில் என்னுடைய மருந்தியல். கடைசியில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆனேன். அந்த வேலையை நம்மவர்களுக்கு விளக்குவது அதற்குப் படிப்பதைவிடக் கடினம்.

“டொக்டரோ?” என்று கோயிலில் கேட்பார்கள்.

“இல்லை, நர்ஸ்தான். ஆனா நானே சோதிச்சு, என்ன வருத்தம் எண்டு கண்டுபிடிச்சு, மருந்தும் எழுதுவன்.”

“அப்ப டொக்டர்தானே?”

“இல்லை.”

“பாவம்,” என்று சொல்லிவிட்டுப் பிரசாதம் வாங்கப் போய்விடுவார்கள்.

மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு கிளினிக்கில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஜூடித். வெள்ளைக்காரர், என்னைவிட மூத்தவர். இந்த நாட்டில் நர்ஸ் பிராக்டிஷனர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்திலேயே அந்தத் தகுதியைப் பெற்றவர். எங்கள் தொழிலுக்கான நாடளாவிய சங்கத்தின் தலைவரும் அப்போது அவரே.

ஜூடித் நோயாளியைப் பார்க்கும் விதத்தை நான் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். நோயாளி உள்ளே வந்ததும் கணினித் திரையை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுவார். தன் நாற்காலியை இழுத்து, அவருடைய முழங்காலுக்கு நேரே தன் முழங்கால் வருகிற மாதிரி உட்காருவார். கேள்வி ஒன்று கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். பதில் வந்ததும் அதே சொற்களில் திருப்பிச் சொல்லி, “சரியாகப் புரிந்துகொண்டேனா?” என்பார். பிறகுதான் கை விசைப்பலகைக்குப் போகும். கேட்ட கேள்வியை இன்னொரு தடவை கேட்டு நான் பார்த்ததில்லை. ஒருவர் சொல்வதை நம்புவதுதான் அவருக்குக் கொடுக்கிற முதல் மரியாதை என்று என்னிடம் சொன்னார். நானும் அப்படியே செய்துபார்த்தேன். வெள்ளைக்காரர்களிடம் பலித்தது. நம்மவர்களிடம் பலிக்கவில்லை.

ஒரு குளிர்காலக் காலையில் ராசையா என்று ஒருவர் வந்தார். பிளாக்ஹவுஸ் பேயில் மகளோடு இருந்தவர், எழுபதைத் தாண்டியவர், ஆங்கிலம் ஓரளவு பேசுவார். நீரிழிவு மாத்திரை முடிந்துவிட்டது, மறுபடி எழுதித் தரவேண்டும், அவ்வளவுதான். என் அறையில் மூச்சிழுப்போடு ஒரு குழந்தை இருந்ததால் ஜூடித் அவரைப் பார்த்தார். நெஞ்சில் வலி உண்டா? இல்லை. மூச்சு வாங்குகிறதா? இல்லை. பொதுவாக உடம்பு எப்படி? வெரி குட். ஜூடித் மாத்திரையை மருந்துக் கடைக்கு எழுதி அனுப்பிவிட்டு அவரைக் கைகொடுத்து வழியனுப்பினார்.

குழந்தையை அனுப்பிவிட்டு நான் வெளியே வந்தபோது அவர் வரவேற்பு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே விறைக்கிற குளிர். அவருடைய மேலுதட்டில் வேர்வை.

“ஐயா, ஒருக்கா உள்ளை வாங்கோ. பிரஷரை இன்னொருக்காப் பாப்பம்,” என்று கூட்டிக்கொண்டு போனேன். கையில் பட்டியைச் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

“நெஞ்சுக்குள்ளை ஏதும் செய்யுதோ?”

“ஒண்டுமில்லைப் பிள்ளை.”

“களைப்பு, இறுக்கம், அப்பிடி ஏதும்?”

“சீச்சீ. நான் நல்லா இருக்கிறன். வெளியிலை ஆக்கள் இருக்கினம், அவையைப் பாருங்கோ.”

நம்மவர்களின் முதல் ‘இல்லை’யை நான் எழுதி வைப்பதில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்பார். இன்னொரு தடவை கேட்டாலும் வேண்டாம் என்பார், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். மூன்றாவது தடவை கேட்டால், “சரி, அரைக் கோப்பை தாங்கோ” என்பார். கேட்ட உடனே ஓம் என்று சொல்கிறவரைக் காணாததைக் கண்டவர் என்று பின்னால் கதைப்போம். இந்தப் பழக்கத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு யாரும் கிளினிக்குக்குள் வருவதில்லை.

அதனால் மூன்றாவது தடவை வேறு வழியால் கேட்டேன். “பின்னேரத்திலை நடக்கப் போறனீங்களோ ஐயா?”

“ஓம், கடற்கரைப் பக்கம். முந்தி நல்ல தூரம் போவன்.”

“இப்ப?”

“இப்ப சந்தியிலை இருக்கிற டெயரிக் கடை மட்டும்தான். அதிலை நிண்டு, கண்ணாடியிலை ஒட்டியிருக்கிற விளம்பரங்களை வாசிச்சுப்போட்டுத் திரும்பிடுவன்.”

“ஒவ்வொரு நாளும் அதே விளம்பரங்களையோ?”

அவர் என்னைப் பார்த்தார். விரல் சட்டைப் பொத்தானில் போய் நின்றது. “அந்த ஏத்தத்திலை வரேக்கை கொஞ்சம் இறுக்கும் பிள்ளை. நிண்டா விட்டிடும். இண்டைக்குத்தான் விடுகுதில்லை.”

சட்டையைக் கழற்றி, நெஞ்சு முடியை மழித்து, ஈசிஜி ஒட்டிகளை ஒட்டினேன். அசையாமல் இருங்கோ என்றேன். தாளில் கோடு இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் மேட்டிலேயே நின்றது: மாரடைப்பு. கதவைத் திறந்து ஜூடித்தைக் கூப்பிட்டேன். தாளை ஒரு தடவை பார்த்தார், உடனே ஆம்புலன்ஸுக்கு 111ஐ அழைத்தார். ஆஸ்பிரினைச் சப்பிச் சாப்பிடக் கொடுத்தேன். நாக்குக்கு அடியில் மருந்தைப் பீய்ச்சினேன். தலைப்பக்கத்தை உயர்த்தி இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் சொன்னதெல்லாம், “மகள் வேலையிலை, அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, வீண் கரைச்சல்” என்பதுதான். மகளுக்கு அதற்கு முன்பே சொல்லியாயிற்று.

பிழைத்துக்கொண்டார். இதயக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு மகளின் வளவில் எலுமிச்சை மரத்தில் காய்த்த தேசிக்காய் ஒரு பை நிறையக் கொண்டுவந்து தந்தார்.

ஜூடித் அன்று மாலை என் அறையில் வந்து உட்கார்ந்தார். “என்னிடம் இல்லை என்றாரே,” என்றார். தேத்தண்ணிக் கதையைச் சொன்னேன். மூன்று தடவை கேட்கவேண்டும் என்றேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சங்கத்தின் அந்த வருட மாநாட்டில் இதைப் பேசவேண்டும் என்று என்னை மேடையேற்றினார். அரைக் கோப்பை என்று சொன்ன இடத்தில் சபை சிரித்தது, டெயரிக் கண்ணாடி வந்தபோது அமைதியானது, முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டியது. அந்த மேடையிலிருந்து இறங்கும்போதுதான் எனக்கு ஆசை பிடித்தது. இந்தச் சங்கத்துக்கு நான் தலைவராக வேண்டும். நம்மைப் போன்றவர்களை எப்படிக் கேட்பது என்று நாடு முழுவதும் உள்ள கிளினிக்குகளுக்குச் சொல்லவேண்டும். அழகாகச் சொன்னால் அப்படி. உள்ளதைச் சொன்னால், அந்தக் கைதட்டல் இன்னும் வேண்டும்.

அன்று என் பக்கத்தில் இருந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் ரேவதி. திருச்சிக்காரி. கணவர் கணினித் துறையில் வேலை. அப்போது ஏவன்டேலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். வேறொரு கிளினிக்கில் வேலை செய்தாள், எனக்குப் பிறகுதான் இந்தத் தகுதியைப் பெற்றாள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். சங்கக் கூட்டங்களுக்கு இருவரும் என் காரில்தான் போவோம். கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு தட்டு உணவு கொண்டுபோவது இங்கே வழக்கம். நான் வடை சுட்டுக்கொண்டு போவேன். அவள் கடையில் பிஸ்கட் பெட்டி வாங்கிக்கொண்டு வருவாள்.

ஜூடித்தின் பதவிக் காலம் முடிய இருந்தது. ஒரு மதியம் சாப்பாட்டு அறையில் சான்ட்விச்சை இரண்டாக வெட்டிக்கொண்டே கேட்டார். “மலர், அடுத்த தலைவராக நிற்க உனக்கு விருப்பமா? நான் முன்மொழிகிறேன்.”

உடனே ஓம் என்று கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் என் வாய் என்ன சொன்னது? “ஐயோ, எனக்கேன்? என்னைவிடக் கெட்டிக்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்.”

ஜூடித் காத்திருந்தார். நான் சிரித்தேன். “உனக்கு வேண்டாம், வேறு யாரையாவது கேட்கச் சொல்கிறாய். சரியாகப் புரிந்துகொண்டேனா?” என்றார். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். “நோ வொரிஸ்,” என்றார். அடுத்த பேச்சு தடுப்பூசிக் குளிர்பெட்டியைப் பற்றி.

அந்த வாரம் முழுவதும் இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தேன். அவர் என் கதவைத் தட்டும்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருவேன். யாருடையதோ இரத்தப் பரிசோதனை முடிவாக இருக்கும். இத்தனைக்கும் மூன்று தடவைக் கதைக்கு எழுந்து நின்று கைதட்டியவர் அவர்!

வார இறுதியில் கூட்டமொன்றுக்குப் போகும்போது ரேவதியிடம் காரில் சொன்னேன். “ஜூடித் என்னைத் தலைவரா நிக்கச் சொல்லிக் கேட்டவ. வேண்டாம் எண்டுட்டன்.”

“ஏன்க்கா? நீங்க நின்னா நல்லா இருக்குமே,” என்றாள்.

“எனக்கேன் உந்தக் கரைச்சல்.”

“நிஜமாவே வேணாமா?”

“வேண்டாமப்பா.” என் குரல் இறங்கியது எனக்கே கேட்டது.

மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தேன். சிவப்பு விளக்கு விழுந்தது, பச்சை விழுந்தது. ரேவதி வானொலியைப் போட்டாள்.

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. தலைவர் பதவிக்கு ஜூடித் முன்மொழிந்த பெயர் ரேவதி. வேறு யாரும் நிற்கவில்லை. போட்டியின்றித் தெரிவானாள்.

வீட்டில் சொல்லி அழுதேன். “நீ வேண்டாமெண்டு சொன்னா மனுசர் என்ன செய்யிறது?” என்றார் என் கணவர். இளைய மகள் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல், “அம்மா, யூ செட் நோ,” என்றாள். ஜூடித்துக்குத் தெரியாமல் இருக்கலாம். என் வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் தெரியாமல் இருக்கலாம். ரேவதிக்கு எப்படித் தெரியாமல் போகும்? திருச்சியில் விருந்தாளிகள் கேட்ட உடனே காப்பி வாங்கிக் குடித்துவிடுகிறார்களா?

பிறகு தொடங்கியது என் வயிற்றெரிச்சல். இங்கே பெரிய கூட்டங்களில் இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் முறைப்படி ஒருவர் தன்னை அறிமுகப்படுத்தும்போது தன் மலையையும் ஆற்றையும் முதலில் சொல்வது வழக்கம். ரேவதி பட்டுச் சேலையில் மேடையேறி, “என் மலை உச்சிப்பிள்ளையார் இருக்கும் மலை, என் ஆறு காவிரி,” என்றாள். சபை உருகிப்போனது. நான் கீழே இருந்து யோசித்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு மலை உண்டா, வருடம் முழுக்க ஓடுகிற ஓர் ஆறுதான் உண்டா? கடவுளே அவளுக்குத்தான் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

அவள் அமைச்சரோடு பேசத் தலைநகர் வெலிங்டனுக்குப் பறந்தாள். நான் கிளினிக்கில் காது அழுக்கு எடுத்தேன். அவள் எழுதும் செய்திமடலைப் பிழை பிடிப்பதற்கென்றே இரண்டு தடவை வாசித்தேன். பிழை கிடைத்தால் அன்று முழுவதும் நன்றாகச் சாப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது தெரிந்த ஒருவர், “உங்கட சிநேகிதிதானாம் இப்ப தலைவி! உங்களுக்குப் பெருமையா இருக்கும் என்ன?” என்றார். “ஓம் ஓம், பெரிய பெருமை,” என்றேன். கையிலிருந்த கத்தரிக்காய் நசிந்துவிட்டது. கடைக்காரர் அதற்கும் சேர்த்து நிறுத்தார். தலைவியான பிறகும் அவள் பிஸ்கட் பெட்டியோடுதான் வந்தாள். என் வடையைச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் நன்றாகவும் வேலை செய்தாள். கேவலமாகச் செய்திருந்தால் நான் இவ்வளவு வாடியிருக்கமாட்டேன்.

ஜூடித் ஓய்வுபெற்றபோது அவருடைய பிரியாவிடையில் கேட்டே விட்டேன். “ராசையா ஐயாவின் கதை உங்களுக்குத் தெரியும். பிறகு ஏன் என்னை ஒரு தடவை மட்டும் கேட்டீர்கள்?”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். “மலர், நீ என் நோயாளி இல்லையே. எனக்குச் சமமாக வேலை செய்கிறவள். நீ சொன்ன பதிலை நான் சந்தேகித்தால் அது உன்னை அவமதிப்பது இல்லையா?” என்றார். அவர் மீது இருந்த கோபம் அன்றோடு போயிற்று. அதையும் சேர்த்து ரேவதியின் தலையில் ஏற்றிக்கொண்டேன்.

ரேவதியின் பதவிக் காலமும் முடிய வந்தது. நான் ஓய்வுபெற ஒரு வருடமோ என்னவோ இருந்தது. எனக்கு அது கடைசி வாய்ப்பு. ரேவதி எனக்கு ஃபோன் எடுத்தாள்.

“அக்கா, அடுத்து நீங்க நிக்கிறீங்களா?”

நம்பமாட்டீர்கள், என் வாய் மறுபடியும், “எனக்கேன் இந்த வயசிலை...” என்று தொடங்கிவிட்டது.

அவள் என்னை முடிக்க விடாமல் சொன்னாள். “அக்கா, அன்னைக்குக் கார்ல ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது தடவை கேட்டா நீங்க சரின்னு சொல்லிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கல.”

“தெரியுமா?”

“தெரியும்க்கா. எனக்கும் அது வேணும்னு இருந்துச்சு.”

ஃபோனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். அவள் செய்தது துரோகம் என்று எனக்கு நானே சொல்லிப்பார்த்தேன். அது சரியாக ஒட்டவில்லை. அவளுக்கு மலை இருக்கட்டும், ஆறு இருக்கட்டும், வெலிங்டன் போகட்டும். ‘எனக்கு வேணும்’ என்று ஒரு மூச்சில் சொல்ல அவளுக்கு வருகிறதே, அதைப் பார்த்துத்தான் அன்று எனக்கு வந்த பொறாமை முன்னைய எல்லாப் பொறாமையையும் சாப்பிட்டுவிட்டது.

ஜூடித்தின் வீட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் தோட்டத்தில் ரோஜாக் கிளைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். “நான் தலைவராக வேண்டும். என்னை முன்மொழிவீர்களா?” என்று வாசல் படலையில் நின்றபடியே கேட்டேன். முகமெல்லாம் சுட்டது. பொது இடத்தில் சேலை நழுவியது போல இருந்தது. “உனக்கு வேண்டுமா?” என்றார். “வேண்டும்,” என்றேன். “சரி,” என்றார். அவ்வளவு சுலபம்.

இந்தத் தடவை போட்டி இருந்தது. நாட்டின் தெற்குத் தீவிலிருந்து டேவிட் என்ற இளைஞர். நல்ல மனிதர், அதுவும் எனக்கு எரிச்சல். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் ஆண்டுக் கூட்டம். அவர் தன் மலையையும் ஆற்றையும் சொல்லிவிட்டு இறங்கினார். நான் ஏறினேன். “எங்கள் ஊரில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. கிணறுதான் உண்டு. இறைத்தால்தான் தண்ணீர் வரும்,” என்றேன். சிரித்தார்கள். “இந்தப் பதவி எனக்கு வேண்டும். பல வருடமாக வேண்டும். கேட்டபோது வேண்டாம் என்று பொய் சொன்னேன்,” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

வாக்குகளை எண்ணினார்கள். டேவிட் வென்றார். கொஞ்ச வாக்குகளால்தான், ஆனால் வென்றார். சங்கத்தின் இணையப் பக்கத்தில் தலைவர்களின் படங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஜூடித், அடுத்து பட்டுச் சேலையில் ரேவதி, அடுத்து டேவிட். இப்போதும் சில காலைகளில் திறந்து பார்க்கிறேன். பார்த்துவிட்டு மூடும்போது வயிறு எரியத்தான் செய்கிறது.

வாக்கு எண்ணிய அன்று மதியம் எல்லோரும் சாப்பாட்டு மேசைகளைச் சுற்றி நின்றபோது நான் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து விமானங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேவதி ஒரு தட்டு நிறையப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“சாப்பிடுங்கக்கா.”

“வேண்டாம்.”

“கொஞ்சமாச்சும் சாப்பிடுங்க.”

“பசியில்லை ரேவதி.”

அவள் போகவில்லை. தட்டைப் பிடித்தபடி நின்றாள். “அக்கா, காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க. இந்தாங்க, பிடிங்க.”

பிடித்தேன். பிடித்துக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன். “சாப்பாட்டுக்கு மட்டும் மூண்டுதரம் கேக்கத் தெரியுது உனக்கு.”

“இது எனக்கு வேணாம்லக்கா, அதான்,” என்றாள்.